கோளத்தில் ரகசியப் பக்கம் எது?

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பொருளை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாவிட்டால் அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. வாசலில் ‘நூலகம்’ என்று எழுதியிருக்கும். தேர்தலுக்கு வந்து திரும்பிப் போகாத வாக்குப்பதிவு மறைப்பு அட்டை, ஆண்டுவிழா பாரதியாரின் தலைப்பாகை, கைப்பிடி உடைந்த கபடிக் கோப்பை, மூன்று கால் நாற்காலி, அதன் நாலாவது கால் தனியாக, எல்லாம் என் பொறுப்பு. புத்தகங்களும் உண்டு, மிச்ச இடத்தில்.

அதனால் சில அட்டைப்பெட்டிகள் நிறையக் கணித உபகரணங்கள் வந்து இறங்கி, “லைப்ரரி சார் பார்த்துக்குவார்” என்று தலைமையாசிரியர் சொன்னபோது மற்ற யாருக்கும் அது ஒரு செய்தியாகவே படவில்லை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

எனக்கும் கணக்குக்கும் ஆகாது. பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் தேறியது எங்கள் குலதெய்வத்தின் சொந்தச் சாதனை. அப்பா அதற்காகக் கிடா வெட்டினார். என் பங்கு என்று அதில் சாப்பிட்டதைத் தவிர எதுவும் கிடையாது. அதன் பிறகு எந்தக் கதவைத் திறந்தால் உள்ளே கணக்கு இருக்காது என்று பார்த்துப் பார்த்தே படித்தேன். பிளஸ் டூவில் வரலாறு. பட்டத்துக்குத் தமிழ். கடைசியில் நூலக அறிவியல். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்று போய் உட்கார்ந்தால், முதல் வகுப்பிலேயே ரங்கநாதன் வந்தார்.

எஸ்.ஆர். ரங்கநாதன் எங்கள் பக்கத்துக்காரர். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். இந்திய நூலகத்துறையின் தந்தை என்கிறார்கள். தந்தை ஆவதற்கு முன்னால் அவர் கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமித்தார்கள். போன சில நாட்களிலேயே அவருக்குப் பொறுக்கவில்லை. திரும்பவும் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகக் கலை படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் கணக்குக்கே போய்விடலாம் என்று சமாதானம் சொல்லிக் கப்பல் ஏற்றினார்கள். கணக்குக்குப் பயந்து நூலகத்தில் ஒளிந்தவன் நான். நூலகம் சலித்துப்போய்க் கணக்குக்கு ஓடப் பார்த்தவர் அவர். இருவரும் ஒரே காலத்தில் பிறந்திருந்தால் நாற்காலியை மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். நாட்டுக்குத்தான் நஷ்டம்.

லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் அவர் ஒரு மெக்கானோ செட்டைப் பார்த்தார். துளை போட்ட இரும்புப் பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள். அதே துண்டுகளை ஒரு விதமாகப் பூட்டினால் வண்டி, இன்னொரு விதமாகப் பூட்டினால் பாலம். புத்தகத்தில் உள்ள விஷயத்தையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துத் தேவைக்கேற்பப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. பூட்டுகிற திருகாணியாக முக்காற்புள்ளியை எடுத்துக்கொண்டார். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அப்படிப் பிறந்தது. ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் உலகத்துப் புத்தகங்களையெல்லாம் வகைப்படுத்த அவருக்கு வழி கிடைத்துவிட்டது. எனக்கோ பெட்டிகள் வாசலுக்கே வந்தும் அந்தப் பெட்டிகளையே வகைப்படுத்தத் தெரியவில்லை.

எங்கள் நூலகத்துக்கு வந்த எதையும் முதலில் அக்சஷன் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். அதில் உள்ள கட்டங்கள்: ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், பக்கங்கள், விலை. பெட்டிக்குள் கையை விட்டதும் முதலில் வந்தது ஒரு மரக்கூம்பு. தலைப்பு ‘கூம்பு’ என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் கட்டத்தில் பேனா நின்றது. எட்டிப் பார்த்த கணக்கு சார், “யூக்ளிட்னு போடுங்க, யாரும் வழக்குப் போட மாட்டாங்க” என்றார்.

“பக்கங்கள்?”

“கனசதுரத்துக்கு ஆறு. கூம்புக்கு ரெண்டு: அடியில தட்டையா ஒண்ணு, சுத்திவர ஒண்ணு. கோளத்துக்கு ஒண்ணே ஒண்ணு.”

அப்படியே எழுதினேன். எங்கள் நூலகத்தின் மிகச் சிறிய நூல் கோளம்தான். விலையைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

அடுத்தது முத்திரை. முதல் பக்கத்தில் குத்துகிற ரப்பர் ஸ்டாம்பைப் புத்தகத்தின் உள்ளே ஏதாவது ஒரு பக்கத்திலும் குத்திவைப்பது நூலக வழக்கம். அதற்கு ரகசியப் பக்கம் என்று பெயர். அட்டையையும் முன்பக்கங்களையும் கிழித்துவிட்டு ஒருவன் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் பிடித்துவிடலாம். எங்கள் நூலகத்தில் அது 17ஆம் பக்கம். (எழுதிவிட்டேன். இனி மாற்ற வேண்டும்.) ஒரே பக்கமுள்ள கோளத்தில் 17ஆம் பக்கத்துக்கு எங்கே போவேன்? கிடைத்த பக்கத்தில் குத்தலாம் என்று ஸ்டாம்பை அழுத்தினால், உருண்டை ஒரு பக்கம், ஸ்டாம்பு ஒரு பக்கம். கடைசியில் பள்ளியின் நீண்ட பெயரில் நடுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து மட்டும் பதிந்தது. புத்தகம் மாற்ற வந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், “தட்டையான எதுவும் உருண்டையை ஒரு புள்ளியிலதான் சார் தொடும்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

அதைவிடச் சோதனை, கணித மன்றத்துப் பிள்ளைகள் செய்து அன்பளிப்பாகக் கொடுத்த மோபியஸ் பட்டை. நீளமான காகிதத் துண்டை அரை முறுக்கு முறுக்கி முனைகளை ஒட்டியிருந்தார்கள். 1858இல் மோபியஸ், லிஸ்டிங் என்று இரண்டு ஜெர்மானியர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் கண்டுபிடித்தது. அன்பளிப்பென்றாலும் பதிவு பதிவுதான். முன்பக்கம் அக்சஷன் நம்பர் எழுதினேன். பின்பக்கம் டியூ ஸ்லிப் ஒட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நம்பரிலிருந்து விரலை எடுக்காமல் பட்டையோடு நகர்த்திக்கொண்டே போகச் சொன்னார்கள். போனேன். எந்த ஓரத்தையும் தாண்டாமல் விரல் டியூ ஸ்லிப்பில் போய் ஏறியது. அந்த வஸ்துவுக்குப் பின்பக்கமே கிடையாதாம். ஒருத்தி கத்தரியை எடுத்து நடுவாக நீளவாக்கில் வெட்டிக்கொண்டே வந்தாள். அன்பளிப்பு இரண்டாகப் போகிறதே, ரிஜிஸ்டரைத் திருத்த வேண்டுமே என்று பதறினேன். வெட்டி முடித்ததும் கையில் இருந்தது ஒரே வளையம், முன்பைவிட இரண்டு மடங்கு நீளத்தில். எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. இரண்டாக வெட்டினாலும் இருப்பு மாறாத பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அரசாங்கம் எல்லாவற்றையும் இந்த வடிவத்தில் வாங்கினால் தணிக்கைத் துறையையே மூடிவிடலாம்.

மற்ற சாமான்கள் என்னைக் கேட்காமலே தங்களுக்கு வேலை தேடிக்கொண்டன. சதுரப் பலகையில் வரிசை வரிசையாக ஆணி அடித்திருக்கும். ரப்பர் பேண்டை மாட்டி முக்கோணம், சதுரம் என்று பிள்ளைகள் செய்து பார்ப்பதற்கு. கணக்கு சார் ஜியோபோர்டு என்பார். அலுவலக உதவியாளர் அதைப் பார்த்த அன்றே சுவரில் மாட்டி, பள்ளிக்கூடத்தின் அத்தனை சாவிகளையும் தொங்கவிட்டுவிட்டார். இப்போது வேதியியல் ஆய்வகம், சத்துணவுக்கூடம், கழிப்பறை மூன்று சாவிகளையும் இணைத்தால் வருவது செங்கோண முக்கோணம். மர மீட்டர் ஸ்கேல் பீரோவுக்குப் பின்னால் விழுந்த புத்தகத்தை இழுக்கவும், வென்டிலேட்டரைத் தள்ளவும், சுவர்ப் பல்லியோடு பேச்சுவார்த்தை நடத்தவும் பயன்படுகிறது. யாரும் அதை வைத்து அளந்து நான் பார்த்ததில்லை. அளந்தாலும் ஆபத்து, நுனியில் இரண்டு சென்டிமீட்டர் தேய்ந்துபோய்விட்டது.

ஜாமெட்ரி பாக்ஸ் தனிக் கதை. அரசு கொடுக்கும் விலையில்லா கணித உபகரணப் பெட்டி ஜூன் மாதத்தில் கட்டுக்கட்டாக வந்து என் அறையில்தான் இறங்கும். பிள்ளைகள் வாங்கிப்போன ஒரு வாரத்துக்குப் பெட்டியில் கவராயம், கவை, பாகைமானி, இரண்டு மூலைமட்டம் எல்லாம் வரிசையாக இருக்கும். பிறகு புளியங்கொட்டை, பஸ் பாஸ், பாதி அழிரப்பர், ஒரு ஐந்து ரூபாய் நாணயம், தேங்காய் பர்ஃபி என்று பெட்டி நிஜமான பயனுக்கு வரும். வெளியேற்றப்பட்ட கருவிகள் என்னிடம் வந்து சேரும், திரும்பி வருகிற புத்தகங்களுக்குள்ளே. பாதி பாகைமானியைப் பக்க அடையாளமாக வைத்துப் படிக்கிற வாசகன் எனக்கு இருக்கிறான். 90 பாகை வரை முடித்துவிட்டான்.

கவராயம் மட்டும் எனக்குப் பகை. அதன் முனையால் மேசையில் பேர் எழுதுவது பழைய கலை. அது மரவேலை ஆசிரியர் கவலைப்பட வேண்டிய விஷயம். எங்கள் பிள்ளைகள் புத்தகத்தைக் குத்துகிறார்கள். ஒரே அழுத்தில் எத்தனை பக்கம் துளைக்க முடியும் என்று பந்தயம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தில் இரண்டாம் பாகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அட்டையிலிருந்து 40ஆம் பக்கம் வரை ஒரு சின்ன வெளிச்சம் தெரியும். விசாரித்ததில், “கடைசி வரைக்கும் போக முடியல சார், புக்கு ரொம்பக் கனம்” என்று வருத்தத்தோடு சொன்னான் ஒருவன். அவனுக்குப் படிப்பதைப் பற்றி இருக்கும் கருத்தும் அதுதான்.

பள்ளிக்கூடத்துக் கருவி என்று எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது கரும்பலகைக் கவராயம். இரண்டடி உயரம், மரக்கால், ஒரு காலில் ரப்பர் குப்பி, மறுகாலில் சாக்பீஸ் சொருகும் வளையம். மேல் திருகு கழன்று, எந்த அளவுக்கு விரித்தாலும் வட்டம் முடிவதற்குள் கால் வழுக்கி முட்டையாகிவிடும். கணக்கு சார் அதை என்னிடம் தந்தார். கிழிந்த புத்தகத்தை பைண்டிங்குக்கு அனுப்புகிறவன் நான்தானே என்பது அவர் வாதம். டி.வி.எஸ். வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு வேகத்தடையில் அது தானாக 180 பாகைக்கு விரிந்து, பக்கத்தில் வந்த பால்காரர் என் பூர்வீகத்தை விசாரித்தார்.

என் மனைவி வீட்டிலேயே தையல் எடுக்கிறவள். திருகை முடுக்கித் திண்ணையில் நிறுத்தியிருந்ததைப் பார்த்தாள். சுற்றி ஒருமுறை வந்தாள்.

“ஏங்க, இதுல சாக்பீஸ் சொருகலாமா?”

“அதுக்குத்தான் அது.”

“இத்தனை வருஷம் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

அவளுக்கு அம்பர்லா பாவாடை வெட்ட வட்டம் வேண்டும். துணியை நாலாக மடித்து, முனையில் டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, மறுகையால் சாக்கைப் பிடித்து, முழங்காலால் துணி நகராமல் பார்த்துக்கொண்டு கோடு போடுவாள். பார்க்கிறவனுக்கே முதுகு வலிக்கும். இப்போது கவராயத்தை நட்டு ஒரு சுற்று. நான் சும்மா இருந்திருக்கலாம். “இடுப்புக்கு எவ்வளவு விரிக்கணும்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“28 இஞ்ச் இடுப்புன்னா நாலரை விரிக்கணும்.”

“எப்படி?”

“ஆறே காலால வகுக்கணும்” என்றாள், உப்பு எவ்வளவு போடுவது என்று கேட்டவனைப் பார்க்கும் பார்வையோடு. 2 பை ஆர் என்று பத்தாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்ந்துபோன ஆசிரியரின் முகம் நினைவுக்கு வந்தது. பையை இரட்டித்தால் 6.28. அதைத்தான் இவள் ஆறேகால் என்று வைத்துக்கொண்டு தெருவில் உள்ள பெண்களுக்கெல்லாம் இடுப்பு சரியாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் எட்டாவதோடு நின்றவள். நான் இரண்டு பட்டம் வாங்கியவன். என் பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துத் தைத்ததும் அவள்தான், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை.

தீபாவளி முடிகிறவரை கவராயம் பள்ளிக்குத் திரும்பவில்லை. கணக்கு சார் கேட்டபோதெல்லாம், எந்தப் புத்தகம் காணாமல் போனாலும் நாங்கள் சொல்லும் பதிலைச் சொன்னேன்: “பைண்டிங்குக்குப் போயிருக்கு.” திரும்பக் கொண்டுபோன அன்று மரக்காலில் இளஞ்சிவப்பு சாடின் நூல் சுற்றியிருந்ததை அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கணக்கு ஆசிரியர்களில் அவர் நாகரிகமானவர்.

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள், தேசியக் கணித நாள். கண்காட்சி நடத்த வேண்டும். கும்பகோணத்து ராமானுஜனுக்கும் நூலகத்துக்கும் ஓர் உறவு உண்டு என்பதால் எனக்கு அந்த நாளில் சின்னப் பெருமை. பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது அவர் கைக்குக் கார் என்பவர் எழுதிய கணித நூல் ஒன்று கிடைத்தது. ஆயிரக்கணக்கான வாய்பாடுகளை வரிசையாக அடுக்கியிருக்கும், நிரூபணம் பெயருக்குத்தான். கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் மூலமாக வந்த இரவல் புத்தகம் அது. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து அழித்து அதைக் கணக்குப் போட்டுத் தீர்த்தார். ஊர் முழுக்க அவர் மேதைமையைப் பேசும்போது எனக்கு ஒரே கவலைதான்: அந்தப் புத்தகத்துக்கு டியூ டேட் என்ன?

அந்த ஆண்டு கணக்கு சாரைச் சரியாக அந்த வாரம் பயிற்சிக்கு அழைத்துவிட்டார்கள். “பெட்டியெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு, நீங்களே செஞ்சு காட்டிடுங்க” என்றார் தலைமையாசிரியர். ஒரே அடி, ஒரே உயரமுள்ள கூம்பால் மூன்றுமுறை அள்ளி ஊற்றினால் உருளை நிறைய வேண்டும்; அதுதான் செய்துகாட்ட வேண்டியது. டெமாக்ரிட்டஸ் சொல்லி, யூடாக்சஸ் நிரூபித்ததாக ஆர்க்கிமிடீஸ் சாட்சி சொன்ன சமாசாரம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. பிள்ளைகள் முன்னால் முதல்முறையாகச் செய்யப் பயந்து, உள்ளே குழிவான பிளாஸ்டிக் கூம்பையும் உருளையையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுக்களையில் இட்லி அரிசியை வைத்து ஒத்திகை பார்த்தேன். மூன்று கூம்பு போட்டேன். உருளையில் இன்னும் இடம் இருந்தது. அரிசியைக் கொட்டிவிட்டு மறுபடி. அதே கதை. தட்டி, குலுக்கி, விரலால் அழுத்தி. குலுக்கக் குலுக்க அரிசி இன்னும் இறங்கியது. டெமாக்ரிட்டஸ் எந்த ஊர் அரிசியை வைத்துப் பார்த்தார் என்று சந்தேகம் வந்தது.

மனைவி வந்து அரிசி சிந்தியிருந்த தரையை முதலில் பார்த்தாள். பிறகு என்னை. பிறகு கூம்பையும் உருளையையும் எடுத்து மேடைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள்.

“இது குட்டை. அது நெட்டை. முக்கால் உயரம்தான் இருக்கு. நாலு ஊத்துங்க, சரியா இருக்கும்.”

ஊற்றினேன். நாலாவது கூம்பில் உருளை விளிம்பு தட்டி நின்றது. ஒரு பருக்கை கூடவில்லை, குறையவில்லை. வந்த பெட்டிகளில் இரண்டு வெவ்வேறு அளவு செட்டுகள் இருந்திருக்கின்றன. அலமாரி பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அவற்றை நான் நிறவாரியாக அடுக்கியிருந்தேன். நீலக் கூம்புக்கு ஜோடி மஞ்சள் உருளை. ரங்கநாதன் கேட்டிருந்தால் அன்றே கணக்குக்குத் திரும்பியிருப்பார்.

கண்காட்சியில் சரியான ஜோடியை வைத்து மூன்றே கூம்பில் நிரப்பிக் காட்டினேன். கைதட்டினார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது: “ரேஷன் அரிசியா சார்?”

இத்தனையிலும் எனக்கே எனக்கு என்று கணக்கில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. அதை 57 ஆண்டு இடைவெளியில் ஏற்கெனவே இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டது என் துரதிர்ஷ்டம்.

பொதுத்தேர்வு சமயத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மடக்கை அட்டவணை வேண்டும். லாக் புக் என்பார்கள். கட்டுக்கட்டாக என் அலமாரியில்தான் தூங்கும். தேர்வுக்கு முன் ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே பென்சிலில் யாராவது ‘உதவிக் குறிப்பு’ எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டியது என் வேலை. பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. மடக்கைகள் மொத்தமே இரண்டு பக்கம்: 10லிருந்து 54 வரை முதல் பக்கம், 55லிருந்து 99 வரை அடுத்தது. முதல் பக்கத்தின் மேல்வரிகளில்தான் அழுக்கு. 10லிருந்து 19 வரை விரல் தேய்த்துத் தேய்த்துக் காகிதமே பழுப்பேறியிருக்கும். கீழே இறங்க இறங்க வெளுப்பு. அடுத்த பக்கத்தின் அடியில் 90களைப் பார்த்தால் அச்சகத்திலிருந்து அன்று வந்தது. எந்தப் பிரதியை எடுத்தாலும் இதே கதை.

நான் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டேன்: பிள்ளைகள் சோம்பேறிகள். புத்தகத்தைத் திறக்கிறார்கள், மேலே நாலு வரி பார்க்கிறார்கள், மூடிவிடுகிறார்கள். நாவல்களிலும் அப்படித்தானே? முதல் அத்தியாயம் எண்ணெய் இறங்கி, கடைசி அத்தியாயம் கன்னி கழியாமல். என்னுடைய மடக்கைப் புத்தகமும் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. முதல் பக்கம்கூட வெளுப்பு.

இதை ஆசிரியர் அறையில் சொன்னேன். கணக்கு சார் டீயைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கணக்கு ஆசிரியர் எனக்குக் கை கொடுத்தார். 1881இல் சைமன் நியூகோம் என்ற அமெரிக்க வானியலாளர் பார்த்தது இதே அழுக்கைத்தானாம். மடக்கை நூல்களின் முன்பக்கங்கள்தான் முதலில் தேய்கின்றன. ஆகவே மனிதர்கள் கையாளுகிற எண்களில் 1இல் தொடங்குவதுதான் அதிகம் என்று அவர் எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்டு என்ற இயற்பியலாளர் அதையே மறுபடி கண்டு, ஆற்றுப்படுகைப் பரப்பு, மக்கள்தொகை என்று ஆயிரக்கணக்கான எண்களைச் சேர்த்துக் காட்டியதும் விதிக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. 1இல் தொடங்குவது நூற்றுக்கு 30, 9இல் தொடங்குவது 5கூடத் தேறாது.

“ஏன் சார் அப்படி?”

“உங்ககிட்ட 100 ரூபா இருக்கு. அது 200 ஆகிற வரைக்கும் முதல் இலக்கம் 1தான். அதுக்கு அது ரெண்டு மடங்கா வளரணும். 900 இருந்தா? இன்னும் ஒன்பதுல ஒரு பங்கு வளர்ந்தா போதும், 1000 ஆகி மறுபடி 1க்கு வந்துடும். 1லேருந்து கிளம்பத்தான் நாளாகும்.”

கணக்கில் எனக்கு முதல்தடவையிலேயே புரிந்தது இது ஒன்றுதான். 1லிருந்து கிளம்ப நாளாகும் என்பதை என் சம்பளத்தை வைத்தே நான் அறிவேன். வீட்டு வரவு செலவு நோட்டை எடுத்துப் பார்த்தேன்: 120, 18, 1,450, 165. நோட்டு முழுக்க 1 காலூன்றி நின்றது. கணக்கு சார் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: கள்ளக்கணக்கு எழுதுகிறவன் எல்லா இலக்கத்தையும் சமமாகத் தூவிவிடுவானாம்; கணக்கில் தில்லுமுல்லைத் தேடுகிறவர்கள் இந்த விதியை வைத்து முதலில் மோப்பம் பிடிப்பார்களாம். அன்றிலிருந்து புத்தகக் கண்காட்சியில் செலவழித்ததற்கு நான் வீட்டில் கொடுக்கும் கணக்கை அவர் கண்ணில் படவிடுவதில்லை. பாவாடைக்கு ஆறேகாலால் வகுக்கிறவளிடமும் இந்த விதியைச் சொல்லவில்லை.

எல்லாம் இருப்புச் சரிபார்ப்பில் வந்து நின்றது.

பின்ன வட்டு என்று ஒரு பெட்டி. கையகல பிளாஸ்டிக் வட்டுகள். ஒன்று முழுசு, ஒன்று இரண்டு துண்டாக, ஒன்று மூன்றாக, பிறகு நாலு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு துண்டுகளாக. ஆக 9 வட்டு. வந்த புதிதில் பூட்டி வைத்திருந்தேன். ரங்கநாதனின் முதல் விதியே புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது. அதைச் சுவரில் எழுதிவைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுவது உறுத்தியதால் திறந்துவிட்டேன். பிள்ளைகள் எடுத்துப் போனார்கள், கொண்டுவந்தார்கள், பீட்சா கடை நடத்தினார்கள்.

தணிக்கைக்கு வந்தவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார்.

“பின்ன வட்டு 9னு எழுதியிருக்கீங்க. 48 இருக்கே?”

“சார், அது முழுசு முழுசா வெச்சுப் பார்த்தா…”

“39 அதிகம்” என்று எழுதப்போனவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “குறைஞ்சா வாங்கி வெச்சுடலாம் சார். அதிகம் இருந்தாதான் கஷ்டம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு விளக்கம் வேணும்.”

கணக்கு சாரைக் கூப்பிட்டேன். அவர் எல்லாத் துண்டையும் மனசுக்குள் கூட்டி, மொத்தம் 51 இருக்க வேண்டும் என்றார். அப்படியானால் அதிகமில்லை, மூன்று குறைவு. தணிக்கையாளர் 39ஐ அடித்து 3 என்று எழுதினார், பச்சை மையில். அதற்குள் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த ஏழாம் வகுப்புப் பெண் மேசைமேல் வட்டுகளை அடுக்கிப் பார்த்துவிட்டாள்.

“சார், இரண்டாக்கினதுல ஒண்ணு இல்ல, மூணாக்கினதுல ஒண்ணு இல்ல, ஆறாக்கினதுல ஒண்ணு இல்ல. அரை, மூணுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு. கூட்டினா ஒண்ணு சார்!”

கணக்கு சார் முகம் மலர்ந்தது. “அருமைம்மா.”

“எது அருமை?” என்றார் தணிக்கையாளர்.

“சரியா ஒரு வட்டுதான் சார் தொலைஞ்சிருக்கு.”

“எந்த வட்டு?”

“எந்த வட்டும் முழுசாத் தொலையல. மொத்தத்துல ஒரு வட்டு.”

துண்டாகப் பார்த்தால் மூன்று குறைவு, பரப்பாகப் பார்த்தால் ஒன்று குறைவு, ரிஜிஸ்டரைப் பார்த்தால் 39 அதிகம். தணிக்கையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். பெட்டி விலை 450 ரூபாய், வட்டுக்கு 50; ஒரு வட்டின் விலையை வசூலித்துக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். கட்டினேன். ரசீது தந்தார்கள்: ‘தொலைந்த வட்டு: 1 (மூன்று துண்டுகளில்).’

பத்து நாள் ஆகியிருக்காது. எட்டாம் வகுப்பிலிருந்து திரும்பிவந்த துப்பறியும் கதை ஒன்றைத் தட்டினேன். உள்ளேயிருந்து சிவப்பாக ஒன்று விழுந்தது. மூன்றில் ஒன்று. கொலையாளி யார் என்று தெரிவதற்கு முந்தைய பக்கத்தில் அடையாளமாக வைத்திருக்கிறான்.

இப்போது அதை எங்கே வைப்பது? பெட்டிக்குள் போட்டால் இருப்பில் இல்லாத மூன்றிலொரு வட்டு அதிகம், விளக்கம் கேட்பார்கள். வீட்டுக்கு எடுத்துப் போனால், காசு கொடுத்தது நானென்றாலும், பள்ளிக்கூடத்து முத்திரை அதில் தெளிவாகப் பதிந்திருக்கிறது, தட்டையான பொருளாயிற்றே. கணக்கு சாரிடம் கேட்டேன். “உங்களுக்கு 16 ரூபா 67 காசு திரும்ப வரணும்” என்றார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது. பின்னத் தொகையைத் திருப்பித் தர விதிகளில் இடமில்லை. எஞ்சிய இரண்டு துண்டுகளும் கிடைத்த பிறகு முழு எண்ணாக விண்ணப்பிக்கவும்.

அதனால் திரும்பிவரும் எல்லாப் புத்தகத்தையும் முதுகைப் பிடித்து உதறித்தான் வாங்குகிறேன். இதுவரை விழுந்தவை ஒரு மயிலிறகு, இரண்டு மூலைமட்டம், யாருக்கோ யாரோ எழுதி அனுப்பாத ஒரு கடிதம். அரைத் துண்டு ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் ஒருத்தியின் சாம்பார் டப்பாவுக்கு மூடியாக இருப்பதாகத் தகவல்; பேச்சுவார்த்தை நடக்கிறது. ஆறில் ஒன்றைப் பற்றித்தான் துப்பே இல்லை.